ஊக்ளிக் கரையின் மூலிகை வரலாறு

தமிழ் நூல்களுக்குப் பெயரிட்ட நம் முன்னோர் மருந்துச் சரக்குகளையும் விட்டுவைக்கவில்லை. பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்கள் மருந்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்தின் வேர்கள் கூடியது சிறுபஞ்சமூலம். ஏலத்தை முதலாகக் கொண்ட ஆறு சரக்குகளின் கூட்டு ஏலாதி. உடற்பிணிக்கு மருந்து எப்படியோ அப்படியே உள்ளப் பிணிக்கு அறவுரை என்று அப்புலவர்கள் கருதினர். படிப்போர் அனைவரும் இச்சரக்குகளை அறிந்திருப்பர் என்ற நம்பிக்கை இல்லாமல் இத்தகைய பெயர்களை இட்டிருக்க முடியாது. அந்நாளில் மூலிகை அறிவு மருத்துவரின் தனியுடைமையாக இராமல், மக்களின் பொதுச் சொத்தாக இருந்தது என்பதற்கு இது போதிய சான்று.

வள்ளுவரோ இன்னும் ஒரு படி மேலே சென்றார். 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்த அப்பெருமான், அதன் பத்துக் குறள்களிலும் ஒரு மூலிகையின் பெயரையேனும் சொன்னாரில்லை. அளவறிந்து உண்ணுதலும், நோய் இன்னதென ஆராய்தலும், அதன் காரணத்தை நாடுதலும், நோயாளியின் நிலையையும் காலத்தையும் நோக்குதலுமே அங்குப் பேசப்படுகின்றன. மருந்தைக் காட்டிலும் ஆராய்ச்சியே முதன்மையானது என்பது அவர் கருத்துப்போலும். இக்கருத்தை நாம் பள்ளியில் மனப்பாடமாகக் கற்றோம். கிடர்பூருக்குக் குடிவந்த பின்னரே பட்டறிவாகக் கற்றோம்.

ஒரு மழைக்காலத்து நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணித் திங்கள். எட்டு வயது நிரம்பிய எங்கள் மகனுக்குக் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் கண்டது. தஞ்சையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அன்னையார், "தம்பி, நிலவேம்பு வாங்கி வா, ஒரு வேளை கஷாயம் போதும்" என்றார். கிடர்பூர்க் கடைத்தெருவில் வேரும் பட்டையும் விற்கும் ஒரு கடைக்குச் சென்றோம். வங்க மொழியில் நிலவேம்புக்கு என்ன பெயர் என்பது அன்று நமக்குத் தெரியாது. 'கசப்பான குச்சி, காய்ச்சலுக்கு' என்று நமக்குத் தெரிந்த அரைகுறை வங்கத்தில் கேட்டோம். கடைக்காரரும் ஒரு கட்டுக் குச்சியைத் தந்தார். கஷாயம் காய்ச்சிக் கொடுத்தோம், கசப்பில் குறைவில்லை. மறுநாள் காய்ச்சல் இல்லை. மருந்தின் பெருமையை வீடு முழுவதும் பேசி மகிழ்ந்தோம்.

மூன்றாம் நாள் காய்ச்சல் மீண்டும் வந்தது. மீண்டும் கஷாயம், மீண்டும் ஒருநாள் ஓய்வு. ஐந்தாம் நாள் மாலையில் முன்னிலும் கடுமையாக வந்தது. அண்டை வீட்டிலிருந்த மூதாட்டியார் (அவரை நாங்கள் 'மாசிமா' என்றே அழைப்போம்) உள்ளே வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அடுக்களையில் கிடந்த குச்சியைக் கையில் எடுத்து, "இது சிரதா அல்லவா? நீங்கள் சொல்லும் இலை காலமேக். அது வேறு, இது வேறு. அது கிடக்கட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காய்ச்சலுக்கு எந்தக் கசப்பும் உதவாது. முதலில் இரத்தத்தைக் காட்டுங்கள், பாபா" என்றார். மாநகராட்சியின் நலவாழ்வு நிலையத்தில் கட்டணமின்றி இரத்தம் பார்த்தனர். மலேரியா என்று தெரிந்தது. மூன்று நாள் ஒரு மாத்திரையும், பதினான்கு நாள் மற்றொரு மாத்திரையும் கொடுத்தனர். பிள்ளை பிழைத்தான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தணிவது அக்காய்ச்சலின் இயல்பு. அத்தணிவை நாங்கள் கஷாயத்தின் வெற்றி என்று கருதினோம். அக்கஷாயமும் நாங்கள் எண்ணிய மூலிகையால் ஆனதன்று. நோயையும் அறியாமல், மருந்தையும் அறியாமல் ஐந்து நாள் கழித்தோம். இதில் கடைக்காரர் மீது குற்றமில்லை. பெயர் தெரியாமல் கேட்டவர்கள் நாமே. அன்று முதல், ஓய்வு கிடைத்த போதெல்லாம் இவ்விரு கசப்புகளின் வரலாற்றைத் தேடத் தொடங்கினோம். அத்தேடல் நம்மைத் தொலைவில் எங்கும் கொண்டு செல்லவில்லை; ஆற்றின் அக்கரைக்கே கொண்டு சென்றது.

கிட் என்னும் பெயரும் அக்கரைத் தோட்டமும்

கிடர்பூர் என்னும் பெயருக்கு இருவகையாகக் காரணம் கூறுவர். நீர்வழிச் செல்வோரைக் காப்பவராக இசுலாமியர் போற்றும் குவாஜா கிஸ்ர் பெயரால் அமைந்தது என்பர் சிலர். இங்குக் கப்பல் கட்டுந்துறை நடத்திய ஜேம்ஸ் கிட் என்பாரின் பெயரால் அமைந்தது என்பர் வேறு சிலர். எது உண்மையாயினும், கிட் என்னும் குடிப்பெயர் கொண்ட மற்றொருவர் ஊக்ளியின் மேற்கரையில் அழியாத ஒன்றைச் செய்து வைத்தார். அவர் கர்னல் இராபர்ட் கிட். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்துறையில் பணியாற்றிய அவர், 1786இல் ஒரு தாவரத் தோட்டம் வேண்டுமென்று கம்பெனிக்கு எழுதினார். மறு ஆண்டே சிப்பூரில் தோட்டம் தோன்றியது.

அவர் எழுதியதன் நோக்கத்தில் அறமும் வாணிகமும் கலந்திருந்தன. 1770ஆம் ஆண்டின் பெரும் பஞ்சத்தை வங்கம் மறக்கவில்லை. பஞ்ச காலத்தில் உணவாகக்கூடிய சவ்வரிசிப் பனை முதலியவற்றை வளர்த்துப் பரப்பலாம் என்பது அவருடைய ஒரு கருத்து. டச்சுக்காரரின் கையிலிருந்த நறுமணச் சரக்கு வாணிகத்தில் கம்பெனிக்கும் பங்கு தேடலாம் என்பது மற்றொன்று. 1793இல் கிட் மறைந்தார். அவருடைய நினைவுச் சின்னம் இன்றும் அத்தோட்டத்தில் உள்ளது. 2009 முதல் 'ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ் இந்தியத் தாவரத் தோட்டம்' என்று வழங்கும் இடம் அதுவே. வித்தியாசாகர் பாலத்தைக் கடந்து அங்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் பெரிய ஆலமரத்தைப் பார்த்துவிட்டு, நிழலில் அமர்ந்து புளியோதரை உண்டு திரும்புவர். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே திரும்பினோம்.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்

கிட்டுக்குப் பின் அத்தோட்டத்தை ஏற்றவர் வில்லியம் ராக்ஸ்பரோ. அவருடைய வரலாறு தமிழர்க்குத் தனி உவகை தருவது. 1776இல் சென்னைக்கு வந்து கம்பெனியின் மருத்துவராகப் பணி தொடங்கிய அவர், தாவரக் கல்வியை வளர்த்துக் கொண்டது சோழமண்டலக் கரையிலேதான். அக்கல்விக்கு வழிகாட்டியவர் தரங்கம்பாடியில் டேனியர்களின் மருத்துவராக 1768இல் வந்திறங்கிய யோகான் கேர்ஹார்ட் கோனிக். உலகத் தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் முறை வகுத்த லின்னேயஸின் மாணாக்கர் அவர். அந்தப் பெயரிடும் முறை தரங்கம்பாடிக் கடற்கரையில் இறங்கி, சாமல்கோட்டை வழியாக, 1793இல் ராக்ஸ்பரோவோடு சிப்பூரை அடைந்தது.

ராக்ஸ்பரோ இருபது ஆண்டுகள் அங்கிருந்தார். இந்திய ஓவியர்களைக் கொண்டு 2,500க்கும் மேற்பட்ட தாவர ஓவியங்களை வரைவித்தார். அவற்றை வரைந்த கைகளின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. அவர் ஊர் திரும்பிய பின், சீராம்பூரில் இருந்த வில்லியம் கேரி அவருடைய நூல்களை அச்சேற்றினார். தோட்டத்துத் தாவரங்களின் பட்டியல் 1814இலும், 'பிளோரா இண்டிகா' என்னும் பெருநூல் அதன் பின்னரும் வெளிவந்தன.

இனி, நம் வீட்டுக் கசப்புகளுக்கு வருவோம். கடைக்காரர் நமக்குத் தந்த சிரதா இமயமலைச் சரிவுகளில் வளர்வது. அதற்கு அறிவியல் பெயர் முதன்முதலாக இட்டவர் இந்த ராக்ஸ்பரோவே. இன்று அது 'சுவெர்சியா சிராயிட்டா' எனப்படுகிறது. நாம் தேடிய நிலவேம்போ சமவெளிச் செடி. 'ஆண்ட்ரோகிராபிஸ் பானிகுலேட்டா' என்பது அதன் பெயர். அப்பெயர் 1832இல் அச்சேறியது, அதே தோட்டத்தின் தலைவராக இருந்த நத்தானியல் வாலிச்சின் நூலில்தான். இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. கசப்பு ஒன்றே அவற்றுக்குப் பொது. நாம் கடைத்தெருவில் குழம்பி நின்ற குழப்பத்தை, ஆற்றின் அக்கரையில் இருந்தவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தெளிவித்து வைத்திருந்தனர். நாம்தான் அறிந்தோமில்லை.

பெயர்ப் பட்டியல் கண்ட பெரியவர்

செடிக்கு இலத்தீனில் பெயரிட்டுவிட்டால் மட்டும் குழப்பம் தீர்ந்துவிடாது. நோயாளியும் கடைக்காரரும் இலத்தீன் பேசுவதில்லை. இதனை உணர்ந்து உழைத்தவர்கள் சென்னையில் இருந்தனர். ஒயிட்லா ஐன்ஸ்லி என்னும் மருத்துவர் 1813இல் சென்னையில் வெளியிட்ட மருந்து நூலில் தமிழ்ப் பெயர்களையும் குறித்து வைத்தார். பின்னர், 1868இல் இந்தியாவுக்கென ஒரு மருந்து நூலை அரசினர் வெளியிட்டபோது, அதற்கு மறு ஆண்டே ஒரு துணைநூல் எழுதினார் சென்னை மருத்துவர் மொகைதீன் ஷெரீப். ஒரே மருந்துக்குப் பல இந்திய மொழிகளில் வழங்கும் பெயர்களைத் திரட்டி, எது எதைக் குறிக்கும், எங்கே மயங்கும் என்று ஆராய்ந்து பட்டியலிட்டதே அவருடைய அரும்பணி. பார்வைக்கு இது வறண்ட வேலை. ஆனால் அத்தகைய பட்டியல் ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் இருந்திருந்தால், கிடர்பூர்க் கடையில் நாம் 'காலமேக்' என்று கேட்டிருப்போம்.

பெயர் மயக்கம் நிலவேம்போடு நிற்பதன்று. சீதபேதிக்கு வழங்கிய குடசப்பாலைப் பட்டைக்கு மாற்றாக, அதனை ஒத்த வெட்பாலைப் பட்டையைக் கலந்து விற்பது நெடுநாளைய வழக்கம். நம் பிரமதண்டின் கதை இன்னும் கொடியது. தமிழ்நாட்டில் தோல் நோய்க்கும் புண்ணுக்கும் கைமருந்தாகப் பயன்பட்ட அச்செடியின் விதை, கடுகைப் போலவே தோன்றுவது. கடுகெண்ணெயே முதன்மையான சமையல் எண்ணெயாக உள்ள வங்கத்தில், அவ்விதை கலந்த எண்ணெயை உண்டவர்களுக்குக் கால் வீங்கி, இதயம் தளர்ந்து, உயிரும் பிரிந்தது. கல்கத்தாவில் இந்நோய் 1877இல் பதிவாயிற்று. பிரமதண்டு எண்ணெயே இதற்குக் காரணம் என்பது உறுதிப்பட அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. ஒரு நாட்டில் மருந்து, மற்றொரு நாட்டில் நஞ்சு; செடி ஒன்றே. இடமும் அளவும் வழியும் மாறின, பயனும் மாறிற்று.

தந்தியும் அஞ்சலும் செய்த மருத்துவம்

அஞ்சல் துறையில் கணக்கெழுதும் பணி நம்முடையது. மூலிகை வரலாற்றில் நம் துறைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் நகைப்பர். வேலை உண்டு.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் புரூக் ஓஷானசி, இந்நாட்டு மருந்துகளைத் தாமே சோதித்து, 1840களின் தொடக்கத்தில் ஒரு பெருநூல் வெளியிட்டார். 1844இல் வங்க மருந்து நூலையும் தொகுத்தார். 1839இல் அவர் செய்த மற்றொரு செயல், கம்பி வழியே செய்தி அனுப்பும் சோதனை. பின்னர்க் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே நாட்டின் முதல் தந்தித் தடத்தை அமைத்தவரும் அவரே. இந்நாட்டு மருந்து ஆராய்ச்சியும் தந்தியும் ஒரே மனிதரின் இரு கைகளில் வளர்ந்தன. தந்திப் பணி 2013இல் நிறைவுற்றது. மருந்து ஆராய்ச்சி தொடர்கிறது.

அடுத்தது கொயினா. தென்னமெரிக்க மலைகளின் சின்கோனா மரப்பட்டையே மலேரியாவுக்கு உலகம் கண்ட முதற்பெரும் மருந்து. 1860களில் அம்மரம் நம் நீலகிரியில் வேரூன்றியது. அதே காலத்தில் சிப்பூர்த் தோட்டத்தின் தலைவர் தாமஸ் ஆண்டர்சன் 1861இல் ஜாவாவுக்குச் சென்று கன்றுகளைக் கொணர்ந்தார். கல்கத்தாவின் வெப்பத்தை அவை தாங்கா. ஆகவே டார்ஜிலிங் மலைப்பகுதியில் மங்பூ என்னும் இடத்தில் தோட்டமும் ஆலையும் எழுந்தன. ஆண்டர்சனுக்குப் பின் வந்த ஜார்ஜ் கிங், மருந்து செய்தால் போதாது, அது குடியானவன் கைக்கு எட்ட வேண்டும் என்று எண்ணினார். 1892இல் வங்கத்தின் அஞ்சலகங்களில் கொயினாப் பொட்டலம் விற்பனைக்கு வந்தது, விலை காலணா. சிற்றூர் மருந்தகம் இல்லாத காலத்தில், அஞ்சல் பெட்டி தொங்கிய இடமே மருந்தகம் ஆயிற்று. அஞ்சல் அட்டையையும் முத்திரைத் தாளையும் எண்ணிய அதே எழுத்தர்கள் மருந்துப் பொட்டலத்தையும் எண்ணி விற்றனர். இதனைப் படித்தறிந்த நாளில், நம் மேசை மேலிருந்த பேரேட்டை நாம் ஒரு புதிய மதிப்போடு நோக்கினோம்.

அம்மருந்து எதிர்த்த நோய் எவ்வாறு பரவுகிறது என்பது விளங்கியதும் இவ்வூரிலேதான். கிடர்பூருக்கு அணித்தாயுள்ள, அந்நாளில் பிரசிடென்சி பொது மருத்துவமனை எனப்பட்ட இடத்தின் வளாகத்தில், 1898இல் ரொனால்டு ராஸ் பறவைகளிடத்தே ஆராய்ந்து, மலேரியாவைக் கொசுவே கொண்டு செல்கிறது என்று முழுமையாக நிறுவினார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். எங்கள் மகன் குளிரில் நடுங்கிய வீட்டிலிருந்து அவ்விடம் நடந்து செல்லும் தொலைவே.

வீட்டு மருந்து ஆய்வுக்கூடம் ஏறியது

கசாயமும் சூரணமும் பழமை என்று ஒதுக்காமல், ஆய்வுக்கூடத்தில் ஏற்றிப் பார்த்தவர்களும் இந்நகரிலேயே தோன்றினர். பிரபுல்ல சந்திர ராய் 1892இல் தம் வாடகை வீட்டில் தொடங்கி, 1901இல் நிறுவனமாக்கிய வங்க வேதியியல் தொழிலகம், ஆடாதோடைப் பாகையும் ஓமத் தீநீரையும் அளவு குறித்துப் புட்டியில் அடைத்துத் தந்தது. ஆடாதோடையின் சத்தை அடியொற்றியே பிற்காலத்தில் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து செயற்கையாக உருவாயிற்று என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இராம்நாத் சோப்ரா பல மூலிகைகளை முறையாக ஆராய்ந்து, 1933இல் இந்திய நாட்டு மருந்துகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அதற்கு ஈராண்டு முன்னரே, 1931இல், கவிராஜரும் மருத்துவருமான கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை எழுதி வெளியிட்டனர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளிடம் கண்ட பயனை ஆங்கில இதய மருத்துவ இதழில் எழுதவே, உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் அளவு மிகுந்தபோது அது நோயாளியை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளியதும் விரைவில் தெரியவந்தது. மூலிகையாதலின் தீங்கில்லை என்ற எளிய நம்பிக்கைக்கு இவ்வேர் ஒரு பாடம்.

நம் இல்லங்களில் கைக்குழந்தைக்கு உரைமருந்து புகட்டும் வழக்கம் உண்டு. வசம்பும் கடுக்காயும் மாசிக்காயும் சாதிக்காயும் கல்லில் உரைத்து நாவில் தடவுவர். வங்க அன்னையரும் காலமேக் இலைச்சாற்றால் 'ஆலுயி' என்னும் மருந்து செய்து குழந்தைக்குக் கொடுத்து வந்தனர். இரு மொழித் தாய்மாரின் அன்பும் ஒன்றே. எனினும், நாம் 'பிள்ளை வளர்ப்பான்' என்று போற்றும் வசம்பில் உள்ள ஒரு பொருள் நல்லதன்று என்று கண்டு, அமெரிக்க அரசு 1968இல் அதனை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. பாட்டியார் உரைத்தது இரண்டே இழைப்பு. அவ்வளவை அவர் கை அறியும். கை அறிந்ததை ஏட்டில் எழுதாமல் விட்டால், அடுத்த தலைமுறை அளவறியாமல் உரைக்கும். அல்லது அறவே கைவிடும். இரண்டும் இழப்பே.

நாம் செய்யத்தக்கது

தமிழ்நாட்டில் டெங்குக் காய்ச்சல் பரவிய 2012ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் நிலவேம்புக் குடிநீர் பரவலாக வழங்கப்பட்டது. அதில் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு ஆகிய எட்டும் சேர்ந்து ஒன்பது சரக்குகளின் கூட்டு அது. கூட்டும் அளவும் அறிந்தோர் செய்ய வேண்டியதை, ஒற்றைக் குச்சியால் நாம் செய்ய முயன்றோம். முன்னோர் மருத்துவம் எங்களைக் கைவிடவில்லை. அதனைப் பாதி மட்டும் நினைவில் வைத்திருந்த நாங்களே அதனைக் கைவிட்டிருந்தோம்.

கல்கத்தாத் தமிழர் இல்லங்களில் பிள்ளைகள் வங்கமும் இந்தியும் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர். அவர்களுக்கு வல்லாரை 'தான்குனி'யாகவும், ஆடாதோடை 'பாசக்'காகவும், கடுக்காய் 'ஹரித்தகி'யாகவும் தெரியக்கூடும். தமிழ்ப் பெயர் தெரியாது. பெரியவர்களுக்குத் தமிழ்ப் பெயர் தெரியும். கடையில் கேட்கத் தெரியாது. இவ்விருவருக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் அன்று எங்கள் மகன் விழவிருந்தான். ஆகவே நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம்மிடையே உள்ள மூத்தோர் ஒவ்வொருவரும் தாம் அறிந்த கைமருந்துகளை, தமிழ்ப் பெயர், வங்கப் பெயர், அறிவியல் பெயர் மூன்றோடும், அளவோடும் எழுதி வைப்பாராக. அவற்றை மருத்துவம் கற்ற நம் உறுப்பினர் சரிபார்த்து, எது வீட்டில் செய்யத்தக்கது, எந்நிலையில் மருத்துவரை நாட வேண்டும் என்று குறித்துத் தருவாராக. சங்க நூலகத்தில் ஒரு கட்டேடாக அது இருக்கட்டும். மொகைதீன் ஷெரீப் ஒருவராகச் செய்ததில் நூற்றில் ஒரு பங்கையேனும் நாம் பலராகச் செய்யலாம்.

அவ்வேட்டின் முதல் ஏட்டை நாம் எழுதிவிட்டோம். நிலவேம்பு, வங்கத்தில் காலமேக், சிரதா வேறு. இதற்குக் கீழே அன்னையார் தம் கையால் ஒரு வரி சேர்த்துள்ளார்: காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் முதலில் இரத்தம் பார்க்கவும். மாசிமா இன்று நம்மிடையே இல்லை. அவர் வீட்டு முற்றத்துத் தொட்டியில் வளர்ந்த காலமேக் செடியின் விதை இப்போது எங்கள் வீட்டுத் தொட்டியில் முளைத்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் அம்பான் புயலில் சிப்பூர்த் தோட்டத்தின் மரங்கள் பல சாய்ந்தன. சிறு செடிகள் அடுத்த மழையிலேயே மீண்டும் தலைகாட்டின. நினைவும் அத்தகையதே, விதையைக் காப்பவர் இருந்தால் அது அழியாது.